பிஸ்கட் டின்னில் ஒரு கெம்போஜா

தற்பெருமை கூடாது என்பார்கள். கூடாதுதான். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒருத்திக்கு ஒரு தடவையாவது அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நான் பெரிதாக எதையும் சாதித்ததில்லை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படிப்பு. மேடை ஏறி மாலை வாங்கியதில்லை. ஆனால் மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், செத்துவிட்டது என்று எல்லாரும் கைவிட்ட ஒரு செடியை இந்தக் கை பிழைக்க வைத்தது. அதைச் சொல்லாமல் போனால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

கையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கோப்பெங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். பதினைந்து வயதில் பால் வெட்டும் கத்தியைப் பிடித்தேன். ஒன்பது வருஷம் மரம் சீவினேன். பார்க்கிறவர்களுக்கு அது சும்மா பட்டையைக் கீறுகிற வேலை மாதிரி தெரியும். அப்படியில்லை. மேலாக வெட்டினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்மரத்தில் காயம் பட்டுவிடும். காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாக வீங்கிவிடும், பிறகு அந்த இடத்தில் பாலே கிடைக்காது. காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாகச் சீவல் விழ வேண்டும், அதுதான் கணக்கு. வேலையை மேற்பார்வை பார்க்கிற எங்கள் மண்டோர் வாரத்துக்கு ஒருநாள் வந்து வெட்டின பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். மற்றவர்களைத் திட்டுவார். என் மரங்களுக்கு வந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த நிரைக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தில் மண்டோர் வாயிலிருந்து வசவு வராமல் இருந்தாலே அது பாராட்டு.

எழுபதுகளின் நடுவில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்தபோது ஆளாளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்: அம்மி, கோழிக்கூண்டு, கதவுப் பலகை. நான் என் கத்தியைப் பழைய சேலைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இனிமே எந்த மரத்த வெட்டப் போற?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"சோறா கேக்குது? இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

அவருக்கு ஈப்போவில் ஒரு பலகைக் கடையில் லோரி வேலை கிடைத்தது. எனக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் டின் அடுக்கும் வேலை. புந்தோங்கில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் குடியேறினோம். முன்பக்கத்தில் வீட்டின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அந்த அம்மாவை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அவர் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நாளிதழை விரித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மடிப்பார்.

அக்கா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொடுத்து அனுப்புவார். ஆனால் டவுனில் பிறந்தவர் என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு. எங்களைத் 'தோட்டத்து ஆளுங்க' என்றுதான் மற்றவர்களிடம் சொல்லுவார். வாசல் அவருடைய ராஜ்யம். துளசி மாடம், சிமெண்டுத் தொட்டியில் மல்லிகை, வேலியோரம் செம்பருத்தி. புந்தோங்கில் அந்த மல்லிகைக்குப் பெயர் உண்டு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

பிஸ்கட் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ஒரு சீனத்து அம்மாள். ஆ சோ என்று கூப்பிடுவோம். எங்கள் இரண்டு பேருக்கும் பொது மொழி சந்தை மலாய்தான். ஒருநாள் மூடி கோணிப்போன பிஸ்கட் டின் ஒன்றில் மண் போட்டு ஒரு செடியைக் கொண்டுவந்து கொடுத்தார். செடி என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும். அடியில் ஒரு பெரிய கருணைக்கிழங்கு அளவுக்குக் கொழுத்த கால். அதன் மேல் விரல் தடிப்பில் இரண்டு கிளை. கிளை நுனியில் ஆறேழு இலை.

"இனி கெம்போஜா ஜெப்பூன். ஜாங்ஙான் சிராம் பாஞாக்" என்றார். இது ஜப்பான் கெம்போஜா, தண்ணீர் அதிகம் ஊற்றாதே என்று அர்த்தம். இப்போது பாலைவன ரோஜா என்று விற்கிறார்களே, அதே செடிதான். செடியின் காலைத் தட்டிக் காட்டினார். அதுதான் அதனுடைய தண்ணீர்த் தொட்டி, குடிக்க வேண்டியதை அது ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறது என்று விளக்கினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வாசல் ஓரத்தில், வெயில் படுகிற இடத்தில் வைத்தேன். வழியில் பஸ்ஸில் ஒரு இலை ஒடிந்து தொங்கியது. அதைக் கிள்ளியதும் அந்த இடத்தில் பால் துளிர்த்தது. ரப்பர்ப் பால் மாதிரி கெட்டி இல்லை. தண்ணீர் கலந்து ஊற்றுகிற பால்காரரின் பால் மாதிரி இருந்தது. இருந்தாலும் பால்தான். எனக்குச் சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம்.

அக்காவும் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள இது, பால் வடியுது?"

"பூச்செடிக்கா. கெம்போஜா."

"கெம்போஜாவா? அது மலாய்க்காரவங்க குழிமேட்டுல வைக்கிற மரமாச்சே. பத்தாததுக்குப் பால் வேற வடியுது. பால் வடியிற செடி வாசல்ல இருந்தா வீடு வெளங்காது. எடுத்துரு."

எனக்குச் சுருக்கென்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது எப்போதும் வராது.

"பால் வடியிற மரந்தாங்க்கா எங்க குடும்பத்துக்கு மூணு தலமொற சோறு போட்டுச்சு" என்றேன்.

"அதான் தோட்டத்துலயே கெடந்தீங்க" என்றார் அவர். கோபத்தில்கூடச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

டின்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். அன்றைக்கு ஒரு வைராக்கியம் வந்தது. இந்தச் செடி பூக்க வேண்டும். பூத்து, இந்த அக்காவே கூப்பிட்டு அதை வாசலில் வைக்கச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட. அவர் சிரிப்பார்.

பின்பக்கத்தில் வெயில் கிடையாது. குளியலறையின் தகரக் கூரை மேல் மட்டும்தான் நாள் முழுக்க வெயில். அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு டின்னை ஏற்றி வைத்தேன். டின்னின் அடியில் ஆணியால் பன்னிரண்டு ஓட்டை போட்டேன். இருந்தாலும் செடி முகம் கொடுக்கவில்லை. மாலை ஆனால் ஈப்போவில் மழை பிடித்துக்கொள்ளும். டின்னில் இருந்த கருப்பு மண் காய்வதற்குள் அடுத்த மழை. இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தது.

அப்போதுதான் கோப்பெங் மணல் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தைத் தாண்டினால் ஈயம் தோண்டுகிற லம்பங்கள். ஈயத்தைக் கழுவி எடுத்துவிட்டு மீதி மணலை மேடு மேடாகக் கொட்டி வைத்திருப்பார்கள். வெள்ளை மணல். அதில் புல்கூட முளைக்காது. ஆனால் சின்ன வயதில் மழை விட்ட உடனே நாங்கள் விளையாட ஓடுவது அங்கேதான், ஏனென்றால் தண்ணீர் அதில் நிற்கவே நிற்காது. தண்ணீர் நிற்காத மண்தானே இதற்கு வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை, கோப்பெங்கிலேயே தங்கிவிட்ட என் அம்மாவைப் பார்க்கப் போனபோது, ஒரு சாக்கு மணலை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டச் சொன்னேன்.

"ஊரு ஒலகத்துல மாட்டெருவு, நல்ல மண்ணுன்னு தேடுறாங்க. நீ செத்த மண்ணு கேக்குற" என்று முனகிக்கொண்டே என் வீட்டுக்காரர் கட்டினார். வழி முழுக்க மோட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினேன்.

அடுப்புக்கரியை உடைத்து அந்த மணலில் கலந்து செடியை மாற்றி வைத்தேன். கொழுத்த காலைப் புதைக்காமல் பாதி வெளியே தெரிகிற மாதிரி உட்கார வைத்தேன். மழை என்னதான் கொட்டினாலும், மறுநாள் தகரச் சூட்டில் பத்து மணிக்கெல்லாம் மணல் பொரிந்து கிடக்கும். செடிக்கு அது பிடித்துப்போயிற்று. சில மாதங்களில் கிளைகள் இரண்டு நான்காகி, நான்கு ஒன்பதாகின. பிறகு ஒரு நாள் காலையில் குளிக்கப் போகும்போது அண்ணாந்து பார்த்தேன், மொட்டு.

பூத்தபோது இலையைவிடப் பூ அதிகம். விளிம்பில் நல்ல ரோஜாச் சிவப்பு, உள்ளே போகப் போக வெளுத்த தொண்டை. கூரை உயரத்தில் இருந்ததால் பின் சந்தில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். நான் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துத் துணி காயப்போடுவேன். கேட்கிற ஆளுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

மோட்டாரில் தௌஃபூ என்கிற சோயாக்கட்டி விற்க வருகிற சீனர் ஒருவர் அக்காவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "இந்தப் பூ ரொம்ப நல்லது, சீனப் பெருநாளுக்கு நாங்கள் வாசலில் வைப்போம், வீட்டுக்குச் செல்வம் வரும்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானமே அக்கா பின்பக்கம் வந்தார்.

"லட்சுமிகரமான செடின்னு மொதல்லயே சொல்லக்கூடாதா? கொண்டாந்து முன்னால வையேன்."

எதற்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தேனோ அதே வார்த்தை. ஆனால் என் திமிர் சும்மா இருக்குமா? "பரவால்லக்கா. பின்னாலயே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். செல்வம் வரும் என்பதற்காகத்தானே கேட்கிறார், பால் வடிவது இப்போது மட்டும் நின்றுவிட்டதா என்று உள்ளுக்குள் பொருமல்.

அதற்கு அடுத்த மாதம் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். நான் மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோப்பெங் போனேன். வீட்டுக்காரர் லோரியோடு பாதி நாள் வெளியூரில் இருப்பார் என்பதால், போகும்போது அக்காவிடம் சொன்னேன், "கெம்போஜாவுக்குத் தண்ணியே ஊத்த வேணாங்க்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"சரி சரி, நா பாத்துக்கிறேன். நீ போய் அம்மாவப் பாரு" என்றார்.

திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சந்து முனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். என் செடி வாசலில் இருந்தது. துளசி மாடத்துக்குப் பக்கத்தில், சின்ன முக்காலி மேல், பித்தளைத் தாம்பாளத்தில். கொழுத்த காலில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. அக்காவின் பேர்போன மல்லிகைச் சரம் ஒன்று அதன் இடுப்பில் சுற்றியிருந்தது. நான் கேட்டில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். கண் கலங்கியது. அம்மாவுக்கு அடிபட்டபோதுகூட அழாதவள் நான்.

கிட்டே போன பிறகுதான் மற்றது தெரிந்தது. பூ ஒன்றுகூட இல்லை. டின்னில் என் வெள்ளை மணலைக் காணோம். எருப் போட்ட கருப்பு மண் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. கட்டைவிரலால் காலை அழுத்தினேன். மண்டோர் பட்டையைத் தடவுவாரே, அப்படி. விரல் உள்ளே போனது.

"என்னக்கா பண்ணீங்க?"

அக்கா பெருமையோடுதான் வெளியே வந்தார். "தெனம் காலையில துளசிக்கு ஊத்துறப்ப இதுக்கும் ஒரு சொம்பு. வெள்ளிக்கெழம மஞ்சத் தண்ணி. செத்த மண்ணுல வச்சிருந்தியே, பாவமா இருந்துச்சு, அதான் நல்ல மண்ணு மாத்துனேன்."

"அக்கா, இது குளிக்கிற சாமி இல்ல. தண்ணி ஊத்தாதீங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன். அழுகிப்போச்சு."

சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அக்காவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவரும் வந்து அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"லட்சுமின்னு நெனச்சுத்தான் புள்ள ஊத்துனேன். என் கையாலயே கொன்னுட்டேனே" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. நாளிதழுக்குப் பின்னாலிருந்து அவர் கணவர், "தூக்கிப் போடு லா. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார்.

கோபம் எனக்கு எவ்வளவு வேகமாக வருமோ அவ்வளவு வேகமாகப் போய்விடும். நான் பின்பக்கம் போய்ப் பெட்டியின் அடியிலிருந்து சேலைத் துணியை எடுத்தேன். நாலு வருஷமாகத் தொடாத கத்தி. சாணைக்கல்லில் தீட்டினேன். கைக்கு மறக்கவில்லை. முழங்கை எந்தப் பக்கம் சாய வேண்டும், மணிக்கட்டு எங்கே திரும்ப வேண்டும் என்று அதுவே ஞாபகம் வைத்திருந்தது.

செடியைப் பிடுங்கி மண்ணை உதறிவிட்டு, வாசலிலேயே சாக்கு விரித்து உட்கார்ந்தேன். "கெட்டியாப் புடிச்சுக்கங்கக்கா" என்றேன். அக்கா இரண்டு கையாலும் கிளையைப் பிடித்துக்கொண்டார்.

காலின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு. சீவினேன். சொத்தைக் கிழங்கு மாதிரி சீவல் விழுந்தது, கெட்ட வாடை அடித்தது, பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. ஒரே வெட்டாக வெட்டி எறிவது சுலபம். ஆனால் நல்ல சதையும் அதோடு போய்விடும், செடிக்குச் சேமிப்பே மிஞ்சாது. கொஞ்சம் விட்டு வைத்தாலோ அழுகல் மறுபடி ஏறும். ஒவ்வொரு சுற்றாக, தோட்டத்தில் சீவுகிற அதே தடிப்பில் சீவினேன். அழுகின சதையில் பால் வராது. உயிர் இருக்கிற இடத்தில்தான் வரும். அதை அக்காவிடம் சொன்னேன்.

அதிலிருந்து அவர் கண் கத்தியை விட்டு நகரவில்லை. "வருதா?" என்றார். இல்லை. இன்னொரு சுற்று. "இப்ப வருதா பாரு." இல்லை. பாதிக் கால் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளிதழ் மடிந்துவிட்டது. இந்தச் செடி போனால் போகட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தோட்டம் போனபோது என் வேலையும் செத்துவிட்டது என்று ஊரே சொன்னது. அது பொய் என்று காட்டுவதற்கு எனக்கு இருந்தது இந்தச் செடியின் மிச்சமிருந்த பாதிக் கால்தான்.

அடுத்த சீவலில் சதை வெளுத்து வந்தது. கத்தியை எடுத்தேன். ஊசிமுனை அளவில் ஒரு துளி, பக்கத்தில் இன்னொன்று, பிறகு வட்டம் முழுக்கத் துளித்துளியாக வெள்ளை.

"வந்துருச்சு" என்றார் அக்கா. "புள்ள, பால் வந்துருச்சு. எல்லாரும் பாருங்க, பால் வருது."

ஒன்பது வருஷம் நான் வாளி வாளியாகப் பால் சுமந்திருக்கிறேன். நிறுத்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்களே தவிர, அதைப் பார்த்து ஒருத்தர் சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

வெட்டுவாயில் சாம்பல் பூச வேண்டும் என்றேன். தோட்டத்திலிருந்து வந்த எனக்கு அடுப்புச் சாம்பல்தான் தெரியும். அக்கா உள்ளே ஓடித் திருநீற்றுத் தட்டோடு வந்தார். "இது ஆகுமா?" என்று தயங்கிக் கேட்டார். சாம்பல்தானே, பூசுங்கள் என்றேன். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பூசினார்.

மூன்று வாரம் அது எங்கள் சமையற்கட்டு உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியது. அக்கா தினமும் வந்து பார்ப்பார். தண்ணீர்ச் சொம்போடு யார் அந்தப் பக்கம் போனாலும் அதட்டுவார். காயம் காய்ந்து தோல் கட்டியதும், என் வீட்டுக்காரர் மறுபடி கோப்பெங் மணலுக்குப் போனார். இந்தத் தடவை முனகவில்லை. இரண்டு சாக்கு கொண்டுவந்தார், ஒன்று அக்காவுக்கு. செடியை நட்டுவிட்டு இரண்டு மாதம் வேர் பிடித்ததா இல்லையா என்று தெரியாமல் தவித்தோம். பிறகு ஒரு கிளையில் எலிக்காது அளவுக்கு இரண்டு இலை விட்டது.

அடுத்த சீனப் பெருநாளுக்கு முன்னால் அது பூத்தது. வாசலில்தான், துளசி மாடத்துக்குப் பக்கத்தில். நாற்பத்து மூன்று பூ என்று அக்கா எண்ணிச் சொன்னார். ஆ சோவை வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினேன். சீவப்பட்ட காலைக் குனிந்து பார்த்துவிட்டு, என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் லூமுட்டிலிருந்து அக்காவின் நாத்தனார் விருந்துக்கு வந்தார். நான் பின்பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசல் பேச்சு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்.

"என்னா அண்ணி இது, பால் வடியிற செடியப் போயி வாசல்ல வச்சிருக்கீங்க? வீட்டுக்கு ஆவாதே."

"பால் வடியிலேன்னாத்தான் பயப்படணும்" என்றார் அக்கா. "ஒனக்குத் தெரியுமா, இது அழுகிச் செத்துக் கெடந்துச்சு. எங்க பின்வீட்டுப் புள்ளதான் சீவிப் பொழைக்க வச்சா. கத்தியப் புடிச்சான்னா ஒரு காயம் படாது. டவுன்ல எவளுக்கு வரும் அந்தக் கை? அவ தோட்டத்துல பால் வெட்டுனவ."

நான் எதுவும் கேட்காத மாதிரி துவைத்துக்கொண்டே இருந்தேன். கொடியில் போடும்போதுதான் தெரிந்தது, என் வீட்டுக்காரரின் ஒரு சட்டைக்கு மட்டும் மூன்று தடவை சோப்புப் போட்டிருக்கிறேன்.